ரிலே போட்டும் வெளிச்சம் வரலையா?

போன இதழில் பைக் ஹெட்லைட்டுக்கு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்ச்) போடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்கு ஒரு வரி: பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ஒரு தடித்த வயர் நேராக முன்னால் போகும், பல்புக்கு கரண்ட் கொடுப்பது அதுதான், டிம்மர் சுவிட்ச்சிலிருந்து வரும் பழைய வயர் இனி பல்பைத் தொடாது, ரிலேயை இழுத்துவிடும் வேலையை மட்டும் செய்யும். சுவிட்ச் கருகாது, பல்புக்கும் முழு வோல்ட் கிடைக்கும். எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேர் அந்த ஞாயிற்றுக்கிழமையே டூமை (ஹெட்லைட்டின் கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த கூடு) கழற்றிவிட்டார்கள், அதில் பாதிப் பேர் கழற்றியதை மாட்ட முடியாமல் நிற்கிறார்கள். அதனால் இந்த முறை முழுக்க ஹெட்லைட்தான். செயின் சத்தம், மைலேஜ் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: என்னுடையது 350 சிசி வண்டி, 2014 மாடல். மாதம் நான்கைந்து முறை இரவில் கொல்லிமலை ஏறுகிறேன். ரிலே கிட் வாங்கி நானே மாட்டினேன், 60/55 பல்பு (பிரைட்டுக்கு 60 வாட்ஸ், டிம்முக்கு 55). வீட்டு வாசலில் பகல் மாதிரி எரிந்தது. இரண்டே நாளில், டிம் போட்டால் ரிலே டரக் டரக் என்று அடித்துக்கொள்கிறது, லைட்டும் கூடவே துடிக்கிறது. ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்தால் சரியாகிறது, நேராக வைத்தால் மறுபடியும் அதே கதை. கடையில் ரிலே போயிடுச்சு என்றார்கள், மாற்றினேன், புது ரிலேயும் அப்படியே அடிக்கிறது. பல்பு ஹோல்டரில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட், பேட்டரியில் 12.7. வோல்ட் சரியாக இருக்கிறதே, அப்புறம் எங்கே தப்பு?
– சேந்தமங்கலம் வாசகர்

ப: முதலில், மூன்றாவது ரிலே வாங்கிவிடாதீர்கள். உங்கள் ரிலே இரண்டுமே நல்ல ரிலேதான் என்று நினைக்கிறேன், பழையதைத் தூக்கிப் போடாமல் சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள்.

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ஹேண்டிலைத் திருப்பினால் சரியாகிறது என்கிறீர்கள். ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புவது எது, திரும்பாமல் சேஸிஸோடு நிற்பது எது என்று யோசியுங்கள். கிட்டிலிருந்து வரும் எர்த் வயரின் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வயர்) ரிங் லக்கை, அதாவது போல்ட்டில் மாட்டும் வளைய முனையை, எங்கே முடுக்கினீர்கள்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கைக்கெட்டும் இடத்தில், அதாவது டூமைப் பிடிக்கும் போல்ட்டில்தான் முடுக்குவார்கள். நீங்களும் அங்கேதான் முடுக்கியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். அந்த போல்ட்டிலிருந்து கரண்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பிப் போக வேண்டும். எப்படிப் போகும்? பெயின்ட் பூசிய பிராக்கெட், அங்கிருந்து ஃபோர்க், அங்கிருந்து கோன்செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்) குண்டுகள், குண்டைச் சுற்றி கிரீஸ், அதைத் தாண்டினால்தான் சேஸிஸ். குண்டுகள் இருப்பது ஹேண்டில் சுலபமாகத் திரும்புவதற்கு. ஐந்து ஆம்பியர் கடத்துவதற்கு இல்லை. வலது பக்கம் ஒடித்தபோது எங்கேயோ ஒரு இடம் நன்றாகப் பட்டது, லைட் நின்று எரிந்தது.

ரிலே ஏன் அடித்துக்கொள்கிறது என்பதுதான் இதில் சுவாரசியம். கிட்டில் ரிலேயை இழுக்கும் காயிலுக்கும் (கம்பிச் சுருள்) பல்புக்கும் சேர்த்து ஒரே எர்த் வயர். காயில் எடுப்பது 0.15 ஆம்பியர் அளவுக்குத்தான், அது மோசமான எர்த் வழியாகக்கூடப் போய்விடும், ரிலே டக்கென்று பிடிக்கும். பிடித்தவுடனே பல்புக்கு ஐந்து ஆம்பியர் பாயும், இழை குளிர்ந்திருக்கும் முதல் நொடியில் அதைவிடப் பல மடங்கு. அத்தனையும் அந்தக் குறுகிய சந்து வழியாகத் திரும்ப முடியாமல் முட்டி நிற்கும்போது எர்த் முனையிலேயே வோல்ட் ஏறிவிடும். எர்த் பக்கம் வோல்ட் ஏறினால் காயிலின் இரண்டு முனைக்கும் வித்தியாசம் குறைந்துபோகும், காயில் விட்டுவிடும். விட்டதும் பல்பு அணையும், எர்த் பழையபடி இறங்கும், காயில் மறுபடி பிடிக்கும். டரக் டரக். ரிலேயில் எந்தக் கோளாறும் இல்லை, கோளாறைச் சொல்லிக் காட்டுவதே அதுதான்.

சரி, 12.6 வோல்ட் எப்படிக் காட்டியது? பல்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே அளந்தீர்கள்? பல்பு இல்லாமல் அளந்தால் எந்த வயரும் யோக்கியன்தான். டிஜிட்டல் மீட்டர் எடுக்கும் கரண்ட் கொசு குடிக்கும் ரத்தம் மாதிரி, அந்த அளவுக்கு துருப்பிடித்த ஆணி வழியாகக்கூட முழு வோல்ட் வந்து நிற்கும். பாரம் ஏற்றினால்தான் மாடு நொண்டுவது தெரியும். பல்பு எரியும்போதே அளக்க வேண்டும்.

எப்படி என்று சொல்கிறேன், மெதுவாகச் செய்யுங்கள். பல்பில் ஹோல்டரை மாட்டி, டூமை வெளியே தொங்கவிட்டுக்கொள்ளுங்கள், கீழே விழாமல் ஒரு துணியால் ஹேண்டிலோடு கட்டிவிடுவது நல்லது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி மைனஸில், வண்டி போல்ட்டில் இல்லை, பேட்டரியின் முனையிலேயே. வயர் எட்டாவிட்டால் ஒரு நீள வயரை கிளிப் போட்டு நீட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு முனையை ஹோல்டரின் பின்பக்கம் எர்த் வயர் நுழையும் சந்துக்குள் விட்டு உள்ளே இருக்கும் பித்தளையைத் தொட வேண்டும், குண்டூசி ஒன்றைச் செருகி அதைத் தொட்டாலும் சரி. இப்போது லைட்டைப் போடுங்கள். 0.2 அல்லது அதற்குக் கீழே காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். ரிலே அடித்துக்கொண்டிருந்தால் எண் நிற்காமல் தாவும், அப்போது ஹேண்டிலை அந்த ‘நல்ல’ பக்கத்துக்கு ஒடித்து வைத்துப் பாருங்கள், அங்கேயும் எண் சின்னதாக இருக்காது என்பது என் பந்தயம்.

அரை ஓம் தடை இருந்தாலே இரண்டு வோல்ட்டுக்கு மேல் அங்கேயே போய்விடும். இரண்டு வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். இழை பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். இரண்டு வோல்ட் போனால் ஏறக்குறைய பாதி வெளிச்சம் போச்சு. பல்பு மங்கல், பல்பு மங்கல் என்று விலை கூடிய பல்பாக வாங்கி மாற்றிக்கொண்டே இருப்பவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் வண்டியில் மாற்ற வேண்டியது ஒன்றரை மீட்டர் கறுப்பு வயர்.

உங்களுக்கும் அதுதான் மருந்து. 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், கிட்டின் எர்த்திலிருந்து நேராக பேட்டரி மைனஸ் வரை. போடுவதற்கு முன்னால் சும்மா ஒரு வயரைக் கையில் பிடித்து இரண்டு முனையையும் தொட்டுப் பாருங்கள், ரிலே அந்த நொடியே அடங்கிவிடும். அடங்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், திட்டி எழுதினாலும் பரவாயில்லை. சேஸிஸிலேயே எர்த் கொடுக்க வேண்டும் என்றால் போல்ட் உட்காரும் இடத்தில் உப்புத்தாள் போட்டு, பெயின்ட் போய் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, முடுக்கியபின் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள், துரு ஏறாது.

பிளஸ் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், மீட்டர் கையில் இருக்கும்போதே. இதே மாதிரி லைட் எரியும்போது, ஒரு முனை பேட்டரி பிளஸில் இருக்கட்டும், இன்னொரு முனையோடு நடந்து போங்கள்: ஃப்யூஸ் தாண்டி, ரிலேயின் 30-ஆம் கால் (கரண்ட் நுழையும் இடம்), 87-ஆம் கால் (வெளியே போகும் இடம்), கடைசியில் பல்பின் கால். எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் சரி, கடைசியில் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எந்த இடத்தில் சட்டென்று குதிக்கிறதோ அங்கே பிரித்துப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதி நேரம் ஃப்யூஸ் ஹோல்டர்தான், கண்ணாடி ஃப்யூஸ் போடும் அந்த உருளை வகை. பிளேடு ஃப்யூஸ் வகைக்கு மாறிவிடுங்கள்.

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போவதற்குள் ஹேண்டிலை எத்தனை முறை ஒடிப்பீர்கள்? வேலையை முடித்துவிட்டு ஏறுங்கள்.

கே: சாவியை எடுத்தால் ஹெட்லைட் எரிகிறது. சாவி போட்டு டிம் போட்டால் அணைந்துவிடுகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எலுமிச்சம்பழம் கட்டச் சொல்கிறார்.
– சிவகாசி வாசகர்

ப: எலுமிச்சம்பழத்தை ஜூஸ் போட்டுக் குடியுங்கள். உங்களிடம் இருப்பது ஐந்து கால் ரிலே. நடுவில் இருக்கும் கால் 87ஏ, ரிலே சும்மா இருக்கும்போது கரண்ட் போகும் வழி அது. பல்பு வயரை அதில் செருகிவிட்டீர்கள். ஓரத்தில் இருக்கும் 87-க்கு மாற்றுங்கள். எண்கள் ரிலேயின் அடியில் கால்களுக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ராத்திரியாவது அப்படியே நின்றிருந்தால் பேட்டரியையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

கே: என் வண்டி பழைய 100 சிசி, கிக்கர் மட்டும்தான். விடியற்காலை நாலு மணிக்குப் பால் சொசைட்டிக்குப் போக வேண்டும், ரோட்டில் குழி தெரியவில்லை என்று ரிலே போட்டேன். ஸ்லோவில் ரிலே ஈ மாட்டிக்கொண்ட பாட்டில் மாதிரி கொர்ர் என்கிறது. மூன்றாம் நாள் ஹார்ன் அடிக்கவில்லை, இண்டிகேட்டர் எரியவில்லை. நல்லா இருந்த வண்டியைக் கெடுத்துக்கொண்டேனா?
– மன்னார்குடி வாசகர்

ப: கெடுக்கவில்லை, ஆனால் இதில் என் தப்பும் இருக்கிறது. போன முறை எல்லா வண்டிக்கும் பொதுவாகச் சொல்கிற மாதிரி எழுதிவிட்டேன், உங்கள் மாதிரி வண்டிக்கு அது பொருந்தாது என்று எழுதியிருக்க வேண்டும்.

பழைய ஸ்ப்ளெண்டர், அதன் வயதில் வந்த பல 100 சிசி வண்டிகளில் ஹெட்லைட்டுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை. இன்ஜினுக்குள் இருக்கும் மேக்னட் காயிலிலிருந்து ஒரு வயர் பேட்டரியைச் சார்ஜ் செய்யப் போகும், இன்னொரு வயர் ஹெட்லைட்டுக்குப் போகும். ஹெட்லைட்டுக்குப் போவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்ட், பேட்டரி கொடுக்கும் டிசி இல்லை. ஆக்சிலேட்டரை முறுக்கினால் வெளிச்சம் கூடும், ஸ்லோவுக்கு வந்தால் மங்கும், இன்ஜினை அணைத்தால் லைட்டும் அணையும். உங்கள் வண்டியும் முன்னால் அப்படித்தானே இருந்தது? ரிலேயின் காயில் டிசிக்குச் செய்தது. ஏசியைக் கொடுத்தால் கரண்ட் நொடிக்குப் பல முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது, ஒவ்வொரு தடவையும் தகடு விடப் பார்த்து மறுபடி ஒட்டுகிறது. அதுதான் நீங்கள் கேட்கும் கொர்ர்.

ஹார்ன் போனது அதைவிட எளிது. ரிலே போட்டபின் பல்பு பேட்டரியிலிருந்து எடுக்கிறது. 35 வாட்ஸ் பல்புக்கு மூன்று ஆம்பியர் வேண்டும். கிக்கர் வண்டியில் இருக்கும் பேட்டரி 2.5 ஆம்பியர்-ஹவர், அதாவது 2.5 ஆம்பியரை ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு. முழுச் சார்ஜில் இருந்தாலும் ஒரு மணி நேரம் தாங்காது, சார்ஜாகிற வழியோ ஹார்னையும் இண்டிகேட்டரையும் மட்டும் நினைத்துச் செய்த சின்ன வழி. மாதச் சம்பளத்தில் வீடு கட்டுகிற கதைதான்.

ரிலேயைக் கழற்றி வயரிங்கைப் பழையபடி ஆக்குங்கள். அதற்கு மேல் வெளிச்சம் கூட்ட மூன்று காரியம் செய்யலாம். ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பித்தளை கறுத்து, வயர் ஓரத்தில் பிளாஸ்டிக் இளகியிருந்தால் புது ஹோல்டர். டூமுக்குள் போகும் பச்சை வயர்தான் எர்த், அதன் கப்ளரைப் பிரித்துச் சுத்தம் செய்து இறுக்குங்கள். அப்புறம் டூமுக்குள் எட்டிப் பாருங்கள்: ரிஃப்ளெக்டர் கண்ணாடி மாதிரி இருக்கிறதா, எவர்சில்வர் பாத்திரத்தின் அடி மாதிரி இருக்கிறதா? பதினைந்து வருஷ வண்டியில் பெரும்பாலும் இரண்டாவதுதான். பளபளப்புப் பூச்சு போனபின் எந்த பல்பு போட்டாலும் வீண். புது டூம் ஒன்று, 35/35 பல்பு ஒன்று. நாலு மணி இருட்டுக்கு இதுவே நல்ல வித்தியாசம் தெரியும்.

இதற்கும் மேல் வேண்டும் என்றால் ஃபுல்வேவ் மாற்றுவது (காயில் கொடுக்கும் ஏசி முழுவதையும் டிசி ஆக்குவது) ஒரு வழி. காயிலில் ஒரு முனையை உள்ளேயே எர்த்தில் பற்றவைத்திருப்பார்கள், அதைப் பிரித்துத் தனி வயராக வெளியே எடுத்து, இரண்டு முனையையும் ஃபுல்வேவ் ஆர்ஆர் யூனிட்டில் (ஏசியை டிசியாக்கி வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) கொடுக்க வேண்டும். பேட்டரியும் பெரிதாக வேண்டும். மேக்னட்டைக் கழற்றிச் செய்கிற வேலை, கை பழகிய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ‘எர்த்தைப் பிரிக்கவெல்லாம் வேண்டாம், யூனிட்டை மட்டும் மாத்திடலாம்’ என்று யாராவது சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். எர்த்தைப் பிரிக்காமல் மாட்டினால் யூனிட்டுக்குள் இருக்கும் டயோடு வழியாகவே காயில் ஷார்ட் ஆகும், யூனிட் எரியும், காயிலும் சேர்ந்து போகலாம்.

கே: 100/90 பல்பு போடலாமா? ரிலேதான் இருக்கிறதே.
– பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்

ப: ஊர் வேண்டாம் என்பதிலேயே உங்களுக்கும் பதில் தெரியும் என்று தெரிகிறது. 100 வாட்ஸ் என்றால் எட்டு ஆம்பியருக்கு மேல். ரிலே அதைத் தாங்கும், ஹோல்டர் தாங்காது, ரிஃப்ளெக்டர் தாங்காது, மேக்னட் காயிலுக்கும் அவ்வளவு கொடுக்கத் திராணி இருக்காது. எதிரே வருகிறவன் கண்ணும் தாங்காது. நானே இருபத்தைந்து வயதில் போட்டிருக்கிறேன், ஆறு வாரத்தில் டூமுக்குள் இருந்த பிளாஸ்டிக் வளையம் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. ரோட்டுக்கு அனுமதி இல்லாத பல்பும்கூட. வேண்டாம்.

கே: ரிலே வயரிங் செய்து ஒரு மாதம் நன்றாக ஓடியது. இப்போது யூ டர்ன் அடித்தால் ஃப்யூஸ் போகிறது. 15 ஆம்பியர் போட்டிருந்தேன், மூன்று போய்விட்டது. 30 போட்டேன், ஒரு வாரமாகப் போகவில்லை. சரியாகிவிட்டதா?
– கோவை வாசகர்

ப: இதைப் படித்து முடித்தவுடன் போய் அந்த 30-ஐக் கழற்றுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

ஃப்யூஸ் பல்புக்காக இல்லை, வயருக்காக. வயர் எங்கேயாவது இரும்பில் பட்டால், வயர் சூடாகி இளகுவதற்கு முன்னால் தான் செத்து வயரைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. மூன்று முறை அது உங்களுக்குச் சொன்னது. நீங்கள் சொல்கிற வாயை அடைத்துவிட்டீர்கள். அந்த வயர் பெட்ரோல் டேங்குக்கு அடியில் போகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

தப்பு இருக்கும் இடம் ஹேண்டில் கழுத்துதான், கோன்செட்டுக்கு முன்னால், வயர் சேஸிஸிலிருந்து டூமுக்குத் தாவும் இடம். ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் ஒடித்து வைத்துப் பாருங்கள், வயர் விறைத்து ஏதோ ஒரு தகடு விளிம்பில் உட்கார்ந்திருக்கும். முழுக்க வலது பக்கமும் பாருங்கள், அந்தப் பக்கம் ஸ்டாப்பருக்கு நடுவில் நசுங்கும். விரலால் வயரைத் தடவிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் வழவழப்பு மாறும், அங்கே உள்ளே தாமிரம் எட்டிப் பார்க்கும். டேப் சுற்றி விட்டுவிட வேண்டாம், நம் ஊர் வெயிலில் இன்சுலேஷன் டேப்பின் பசை ஒரு கோடைக்குள் வெல்லப்பாகு ஆகிவிடும். அந்த நீளத்துக்கு வயரையே மாற்றி, மேலே பின்னல் ஸ்லீவ் போட்டு, இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தாலும் தொய்வு இருக்கிற மாதிரி விட்டு, அதன் பிறகு டை போடுங்கள். நேராக வைத்து டை போடுவதால்தான் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை. மாற்றியபின் பழைய 15 ஆம்பியர் போதும். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். டூமுக்குள் ஃப்யூஸ் வைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

கே: நான் மருத்துவமனையில் நைட் ஷிஃப்ட் முடித்து ஸ்கூட்டரில் வீடு திரும்புவேன். என் தம்பி எல்இடி பல்பு வாங்கி ஹெட்லைட்டில் மாட்டிவிட்டான். வெள்ளை வெளேர் என்று எரிகிறது, ஆனால் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் டிம் அடி, டிம் அடி என்று கத்துகிறார்கள். டிம்மில்தான் போகிறேன். எனக்கும் ரோடு முன்னைவிட நன்றாகத் தெரிகிறது என்று சொல்ல முடியவில்லை.
– நாகர்கோவில் வாசகி

ப: கத்துகிறவர்கள் சொல்வது நியாயம் சகோதரி, உங்கள் மேலும் தப்பில்லை. தம்பி பாசத்தில் செய்த வேலை.

ஹாலஜன் பல்பைக் கையில் எடுத்தால் (கண்ணாடியை விரலால் தொடாமல், அடித் தகட்டைப் பிடித்து) உள்ளே இரண்டு இழை தெரியும். டிம் இழைக்கு அடியில் கரண்டி மாதிரி ஒரு குட்டித் தகடு இருக்கும். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பாதியில் பட்டு மேலே எகிறாமல் தடுப்பது அந்தக் கரண்டிதான். ரிஃப்ளெக்டரை வடிவமைத்தவர்கள் இழை இந்த இடத்தில், கரண்டி இந்தக் கோணத்தில் என்று மில்லிமீட்டர் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அதே ஓட்டையில் எல்இடியைச் செருகினால் அதன் ஒளி தரும் சில்லு வேறு இடத்தில் உட்காரும், அல்லது பல்பு கொஞ்சம் திரும்பி உட்காரும். வெளிச்சம் ரோட்டில் விழாமல் மரக்கிளையிலும் எதிரே வருபவர் முகத்திலும் விழும். மொத்த வெளிச்சம் கூடுதல், ரோட்டில் குறைவு. உங்களுக்கு நன்றாகத் தெரியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது அதனால்தான், பலர் பணம் கொடுத்துவிட்டதால் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது: விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப் பக்கம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக்கூடாது. ஒரு காலத்தில் ஹெட்லைட் நடுவில் போலீஸ்காரர்கள் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்களே, அதுவும் இந்தக் கூச்சத்துக்காகத்தான், வைத்தியம்தான் முரட்டு வைத்தியம்.

பழைய ஹாலஜன் பல்பையே திரும்பப் போடச் சொல்லுங்கள். பிறகு ஒரு சுவருக்கு எதிரே வண்டியை ஒட்டி நிறுத்தி, லைட்டின் நடு உயரத்தைச் சாக்பீஸால் சுவரில் குறித்துவிட்டு, ஐந்து மீட்டர் பின்னால் வாருங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்துகொண்டு டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு சாக்பீஸ் கோட்டுக்கு நாலு விரல்கடை கீழே இருக்க வேண்டும். கோட்டுக்கு மேலே இருந்தால் ஹெட்லைட்டின் அடியில் இருக்கும் சரிசெய்யும் ஸ்குரூவைத் திருகி இறக்கவும். இதை உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், ஸ்டாண்டு போட்டுப் பார்த்தால் கணக்கு தப்பும்.

கே: ரிலே எதுவும் போடவில்லை, ஹோல்டர் மட்டும் மாற்றினேன். டிம் போட்டால் மங்கலாக எரிகிறது, கூடவே மீட்டரில் பிரைட்டுக்கான நீல விளக்கும் லேசாக எரிகிறது.
– திருத்துறைப்பூண்டி வாசகர்

ப: எர்த் கால் சரியாகப் படவில்லை. மூன்று கால் பல்பில் இரண்டு இழைக்கும் எர்த் ஒன்றுதான். அது சரியாகப் படாவிட்டால் டிம் இழை வழியாக வந்த கரண்டில் ஒரு பங்கு போக இடமில்லாமல் பிரைட் இழைக்குள் புகுந்து, பிரைட் வயர் வழியாக மேலே ஏறி, அந்த நீல விளக்கு வழியாக எர்த்தைத் தேடிப் போகிறது. ஹோல்டரில் எர்த் வயரின் பித்தளைக் கால் உள்ளே பூட்டாமல் பின்னால் நழுவியிருக்கும். பின்னாலிருந்து வயரைத் தள்ளுங்கள், ‘டிக்’ என்று உட்காரும்.

கே: மாதம் ஒரு ஹெட்லைட் பல்பு போகிறது. கம்பெனி மாற்றிப் பார்த்தாகிவிட்டது.
– கும்பகோணம் வாசகர்

ப: இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து பேட்டரியில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சரி. 15-ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட் போய்விட்டது, இன்று பல்பு, நாளை பேட்டரி. யூனிட்டை மாற்றுவதற்கு முன்னால் அதன் எர்த்தையும் பேட்டரி முனைகளையும் இறுக்கிவிட்டு இன்னொரு முறை அளங்கள், பல நேரம் அதிலேயே இறங்கிவிடும். வோல்ட் சரியாக இருந்தால், பல்பை மாற்றும்போது கண்ணாடியைக் கையால் பிடிக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் சூடு ஏறி பல்பு போய்விடும்.

கே: 2017-க்குப் பிறகு வந்த வண்டி, ஹெட்லைட்டை அணைக்க சுவிட்ச்சே இல்லை. ரிலே வயரிங் செய்யும்போதே ஒரு சுவிட்ச் வைத்துவிடலாமா? அப்படியே 35/35-ஐ 60/55 ஆக்கவும் ஆசை.
– ராணிப்பேட்டை வாசகர்

ப: அந்த வருஷம் ஏப்ரல் முதல் இரு சக்கர வண்டிக்குப் பகலிலும் லைட் எரிய வேண்டும் என்பது விதி, சுவிட்ச் வைக்காதீர்கள். பல்பும் வேண்டாம். நாள் முழுக்க எரிகிற லைட்டுக்கு 35 வாட்ஸ்தான் வைத்திருக்கிறார்கள், 60 போட்டால் ஊருக்குள் சிக்னல் சிக்னலாக நிற்கும்போது பேட்டரி இறங்கும். தவிர, இரண்டு பல்பும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் தகட்டின் காது அளவு வேறு, அரம் போட்டுத் தேய்த்து மாட்டுகிறார்கள், அப்படி மாட்டினால் நாகர்கோவில் சகோதரிக்குச் சொன்ன கதைதான். ரிலே மட்டும் போட்டு அதே 35/35-ஐ எரிய விடுங்கள்.

கே: ரிலேயை எங்கே மாட்டுவது? டூமுக்குள் இடமில்லை.
– பெரியகுளம் வாசகர்

ப: டேங்குக்கு அடியில், முன்பக்கம், ஹேண்டில் கழுத்துக்குப் பின்னால் சேஸிஸில் ஒரு கை நுழைகிற இடம் இருக்கும், அங்கே. இன்ஜின் சூடு படாத பக்கமாகப் பார்த்து, கால்கள் கீழே பார்க்கிற மாதிரி தொங்கவிடுங்கள். கால்கள் மேலே பார்க்க வைத்தால் மழைத் தண்ணீர் வயர் வழியாக இறங்கி ரிலேக்குள்ளேயே தேங்கும், ஐப்பசி முடிவதற்குள் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.